மூன்றாம் ஜன்னலின் கிறுகிறு முகம்

அனுப்புநர்
ஆசியா உம்மாள்,
பள்ளிவாசல் தெரு,
அம்பாசமுத்திரம்.

பெறுநர்
கிளை மேலாளர் அவர்கள்,
பேருந்துப் பணிமனை.

பொருள்: காரையாறு பேருந்தில் அழிக்கப்பட்ட படத்தை மீண்டும் வரையவும், நடத்துநர் ஐயம்பெருமாளை மீண்டும் பணியில் சேர்க்கவும் வேண்டுதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

காரையாறு மின்வாரியக் குடியிருப்பில் என் மகள் மர்வா இருக்கிறாள். பிறந்து ஐந்து மாதமான பேரனைப் பார்க்க வெள்ளிதோறும் மதியப் பேருந்தில் மலையேறுகிறேன். பாபநாசம் தாண்டி வளைவு தொடங்கியதும் எனக்குத் தலை சுற்றும். அதற்கு மேல் நடப்பதை மனுவில் எழுதுவது மரியாதை அல்ல.

1. படத்தின் பொருள்: ஒரு வட்டம், கண் இருக்குமிடத்தில் இரண்டு பெருக்கல் குறி, கோணல் வாய். அதாவது, தலை கிறுகிறுத்தவர் முகம். என்னைப் பார்த்துத்தான் ஐயம்பெருமாள் வரைந்தார் என்கிறாள் மர்வா. நான் மறுக்கவில்லை.

2. படத்தின் பயன்: மூன்றாம் வரிசை ஜன்னலோர இருக்கை தலை சுற்றுகிறவர்களுக்கு என்று காட்ட, அந்த ஜன்னலுக்கு மேல் வரைந்திருந்தார். முன்பு எழுத்தில் போட்டிருந்தார். காற்று வாங்க வந்தவர்கள் படித்தும் படிக்காதவர்களாக இருந்தார்கள். படம் வந்த பின், "தல சுத்துதவுக இங்கன வாங்க" என்று ஒருமுறை சொன்னால் போதும், இடம் காலியாகிவிடும்.

3. சென்ற மாதம் உவரித் தடத்திலிருந்து மாறுதலாகி ஓட்டுநர் நெல்லையப்பன் வந்தார். கடலோரச் சமதளத்தில் ஓட்டியவருக்கு மலைவளைவின் மகிமை தெரியாது. படத்தைத் திருஷ்டி முகம் என்று எண்ணி, பக்தியோடு அதன் கீழ் எலுமிச்சையும் பச்சை மிளகாயும் கோத்துக் கட்டிவிட்டார். எனக்கோ வாந்திக்கு எலுமிச்சையை முகர்வது வழக்கம். கண்ணை மூடியிருந்த நேரத்தில் மூக்கருகே எலுமிச்சை ஆடியது. ஐயம்பெருமாள்தான் எனக்காகக் கட்டியிருக்கிறார் என்று நினைத்து, கொத்தாகப் பிடித்துக் கசக்கி முகர்ந்தேன். மிளகாயும் சேர்ந்து கசங்கியது. அதே கையால் கண்ணைத் துடைத்தேன். பிறகு படத்துக்கும் எனக்கும் வேறுபாடு இல்லை.

4. ஓடைத் தண்ணீரில் முகம் கழுவியதும் சரியாகிவிட்டது. நானே சிரித்துவிட்டேன். ஆனால் உடன் வந்த யாரோ புகார் எழுத, பேருந்தில் கிறுக்கிப் பயணிக்குக் காயம் விளைவித்தார் என்று ஐயம்பெருமாளைப் பணிநீக்கம் செய்து, படத்தையும் சுரண்டிவிட்டீர்கள். அந்தப் பயணி நான்தான் ஐயா. எனக்கு ஒரு புகாரும் இல்லை. வாந்தி எடுப்பவரிடம் முகம் சுளிக்காத மனிதர் வீட்டில் உட்கார்ந்திருப்பதை நினைத்தால்தான் கண் எரிகிறது.

5. கடந்த வெள்ளியன்று அந்த ஜன்னலோரத்தில் தங்கள் பரிசோதகர் பாக்கியசீலன் அவர்கள் அமர்ந்திருந்தார். எழுந்து இடம் தருமாறு இரண்டு முறை வேண்டினேன். இது இன்னாருக்கான இடம் என்று எங்கே இருக்கிறது என்று கேட்டார். எங்கும் இல்லைதான். நான்காவது வளைவில் நடந்ததை அவரது வெள்ளைச் சட்டை தங்களுக்குத் தெரிவித்திருக்கும்.

எனவே நடத்துநரையும் படத்தையும் அவரவர் இடத்தில் சேர்க்குமாறு பணிவுடன் வேண்டுகிறேன். பேரன் என் முகத்தை இப்போதுதான் அடையாளம் கண்டு சிரிக்கத் தொடங்கியிருக்கிறான். ஆகவே வரும் வெள்ளியும் அதே பேருந்தில்தான் போவேன். தாங்கள் நேரில் ஆய்வுக்கு வருவதானால், ஜன்னலோர இருக்கையைத் தவிர்த்துக்கொள்ளவும்.

இடம்: அம்பாசமுத்திரம்
நாள்: 14.8.1996

இப்படிக்கு,
ஆசியா உம்மாள்