மேல் நரம்பு மெல்லிசு

என் புஜ்ஜிக் கண்ணு,

சனிக்கிழமை உன் ஆபீஸ் விழாவில் உன் யுகுலேலே, அந்தக் குட்டி கிட்டார், பாடியது. அதில் மாட்டியிருந்த நாலு நரம்பும் நான் கேட்டுக் கேட்டுப் பொறுக்கி எடுத்தவை. ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். பெருமைக்குத்தான் சொல்கிறேன். உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

பத்து நாள் காய்ச்சலில் நீ போன பிறகு எட்டு மாதம் அதை யாரும் தொடவில்லை. போன மாதம் உன்னோடு வேலை பார்த்த நந்தினி கச்சிபௌலியிலிருந்து நம் லாலாகுடா ரயில்வே குவார்ட்டர்ஸ் வரை வந்தாள். "ஆன்ட்டி, ரேவதி போட்ட மெட்டை ஆண்டு விழாவுல நான் வாசிக்கிறேன். அவளோட யுகுலேலேயிலயே வாசிக்கணும்" என்றாள். உறையைத் திறந்தால் ஒரு நரம்பு அறுந்து சுருண்டு கிடந்தது. மற்ற மூன்றும் தொய்ந்து போயிருந்தன.

உன் அப்பாவைத்தான் உனக்குத் தெரியுமே. பழசையெல்லாம் கழற்றி எறிந்துவிட்டு, ஏதோ கடையில் ஒரு செட் வாங்கி வந்து, மேலே தடித்தது, கீழே போகப் போக மெல்லியது என்று மாட்டிவிட்டார். "முப்பது வருஷம் ஒர்க்‌ஷாப்ல ஃபிட்டர். எனக்கா தெரியாது? சைஸ்வாரியா போட்டாச்சு" என்றார்.

நந்தினி வாசித்தாள். மெட்டு உன்னுடையதுதான். குரல் உன்னுடையது இல்லை. தொண்டை கட்டினவள் பாடுகிற மாதிரி இருந்தது.

"மேல் நரம்பு தப்புங்க" என்றேன்.

"உனக்கு என்னாடி தெரியும் இதப் பத்தி?"

"கிட்டார்லகூட தடிச்சதுதான் ஆன்ட்டி மேல வரும்" என்றாள் நந்தினி. அவள் படித்தது கிட்டார்.

எனக்கு என்ன தெரியும்? சாயங்காலம் நான் சப்பாத்தி இடும்போது சமையலறை வாசலில் உட்கார்ந்து, திருகை முறுக்கி, "அம்மா, சுருதி ஏறிச்சா?" என்று நீ கேட்டது யாரை? "இன்னும் கொஞ்சம் ஏத்துடி" என்று சொன்னது யார்? நீ கட்டைவிரலால் மேலிருந்து கீழே இழுத்தால் முதல் சத்தமே மெல்லிசாகத் துள்ளும். அதற்கு அடுத்துத்தான் கனத்தது வரும்.

"முதல் நரம்பு மெல்லிசு. ரெண்டாவதுதான் தடிசு. நானே கடைக்குப் போறேன்" என்று பஸ் ஏறிவிட்டேன்.

செகந்திராபாத் கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்து, "ஆப் பஜாதே க்யா அம்மா?" என்றார். நீங்களா வாசிப்பீர்கள் என்கிறார். "நை பாய், மேரி பேட்டி" என்றேன். என் மகள் என்று சொல்லும்போது குரல் உடையவில்லை, தெரியுமா? விஷயத்தைச் சொன்னதும் அவர் சிரித்தார். இரண்டு விதமாகவும் விற்கிறதாம். மேலே மெல்லியதுதான் யுகுலேலேயின் பழைய வழக்கமாம். கிட்டார் வாங்க வந்திருந்த ஒருவரிடம், "அம்மா கே கான் தேகோ மியா!" என்று என் காதைக் காட்டினார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

அதோடு முடியவில்லை. அந்த மாதிரியிலேயே இரண்டு வகை இருந்தது. ஒன்று நைலான், உன்னுடையது போலவே. பேசிவிட்டுச் சட்டென்று அடங்கும். பக்கத்தில் இருந்து கேட்க இதமாக இருக்கும். இன்னொன்று தூண்டில் நரம்பு போலக் கண்ணாடியாக இருந்தது. தட்டினால் கணீரென்று நிற்கும். நைலான் மாட்டிய புதிதில் இழுபட்டுத் தொய்ந்துகொண்டே போகும், நாளுக்குப் பத்து தடவை ஏற்ற வேண்டும், இது சீக்கிரம் நிலைத்துவிடும் என்றார். மாட்டியிருந்த இரண்டு யுகுலேலேயை மாற்றி மாற்றித் தட்டிக் காட்டினார்.

கண்ணை மூடிக் கேட்டேன். நைலானில் நீ இருந்தாய். கை அதற்குத்தான் போனது. ஆனால் நந்தினி சொல்லியிருந்தாள், அது பெரிய மண்டபம், மைக் வைத்தாலும் பின்னால் சத்தம் செத்துவிடும் என்று. என் சமையலறை வாசலோடு நின்றுபோக வேண்டியவளா நீ? கண்ணாடி நரம்பை எடுத்தேன். நைலானிலும் ஒரு செட் வாங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

விழாவில் நானும் அப்பாவும் வேண்டுமென்றே கடைசி வரிசையில் உட்கார்ந்தோம். கேட்டதடி. ஒவ்வொரு நரம்பும் தனித்தனியாகக் கேட்டது. பக்கத்திலிருந்த தெலுங்குப் பெண் "சாலா பாகுந்தி" என்றாள். ரொம்ப நல்லா இருக்காம். உன் அப்பா உடனே அவள் பக்கம் திரும்பி, "ஸ்ட்ரிங் செலெக்‌ஷன் மா ஆவிட" என்று, நரம்பு எடுத்தது என் வீட்டுக்காரி என்கிற பெருமையோடு என்னைக் கைகாட்டிவிட்டு, மூக்கைத் துடைக்கிற சாக்கில் முகத்தை மூடிக்கொண்டார்.

நந்தினி அதைத் திரும்பக் கொண்டுவந்து கொடுத்துவிட்டாள். இனி தொய்ய விடமாட்டேன் கண்ணு. தினமும் ஏற்றி வைப்பேன். இந்த நரம்பு தேய்ந்ததும் நைலானை நானே மாட்டுவேன், அப்பாவைத் தொட விடாமல்.

ஒன்றுதான் உறுத்துகிறது. உன் மாதிரியே பேசினதை விட்டுவிட்டு ஊருக்குக் கேட்கிறதை எடுத்துவிட்டேன். என் இடத்தில் நீ நின்றிருந்தால் எதை எடுத்திருப்பாய் புஜ்ஜி?

உன்னைப் பெற்ற,
அம்மா