மெத்தை மூச்சு விட வேண்டும்

மார்ச் 3, செவ்வாய்

மறுபடியும். விடியும்போது முதுகுக்குக் கீழே சில்லென்று இருந்தது. கனவு என்று ஏமாற்றிக்கொள்ளும் கட்டமெல்லாம் தாண்டியாகிவிட்டது. எழுந்து, போர்வையைச் சுருட்டி, லுங்கியைச் சுருட்டி, வாளியில் அமுக்கி, குழாயை நூல் போலத் திறந்துவைத்து — சத்தம் வரக்கூடாதே — இந்த வயதில் திருடன் மாதிரி துணி அலசுகிறேன். சொந்த வீட்டில்.

புரோஸ்டேட் ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டரம்மா சொன்னது: "கொஞ்ச நாளைக்கு அப்படி இப்படித்தான் இருக்கும்." அப்படி இப்படி! என்ன நாசூக்கு. மூத்திரம் என்று வாயால் சொன்னால் சுவரில் மாட்டியிருக்கும் பட்டம் கழன்று விழுந்துவிடுமா?

ஹாலில் பாய் விரித்துப் படுப்பதற்கு வீட்டுக்காரியிடம் சொல்லியிருக்கும் காரணம் முதுகுவலி. ஏற இறங்கப் பார்த்தாள். "முதுகுவலின்னு வர்றவங்களுக்கெல்லாம் தரையில படுக்காதீங்கன்னு சொல்லித்தானே மெத்தை விக்கிறீங்க? இப்ப நீங்களே தரையிலயா?" கோபப்பட்டேன். அது எப்போதும் கைகொடுக்கும்.

உள்ளே கட்டிலில் கிடப்பது ஏதோ ஒரு மெத்தை இல்லை. அசல் ரப்பர் மரப் பாலில் செய்த மெத்தை, கடைக்கு வந்த சரக்கில் நானே பொறுக்கியது. வந்த அன்றே பிளாஸ்டிக் உறையைக் கிழித்து எறிந்தேன். மெத்தை மூச்சு விட வேண்டும். கடைக்கு வரும் ஒவ்வொருவரிடமும் நான் சொல்லும் முதல் வாக்கியம் அதுதான். இவள் தலைக்குக் குளித்துவிட்டு ஈரக் கூந்தலோடு வந்து படுப்பாள் ஒரு காலத்தில். எத்தனை சண்டை! "ஈரம் உள்ள இறங்கினா மெத்தை செத்துச்சு" என்று கத்திக் கத்தியே அந்தப் பழக்கத்தை நிறுத்தினேன். அப்பேர்ப்பட்ட மெத்தையில் நான் போய்...

எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. அவளுக்குத் தெரியாமல் இது சரியாக வேண்டும். பழையபடி உள்ளே போய், சுவர் பக்கம், என் இடத்தில் படுக்க வேண்டும்.

மார்ச் 5, வியாழன்

வழி கண்டுபிடித்துவிட்டேன். தொட்டி காலியாக இருந்தால் குழாய் எப்படி ஒழுகும்? மத்தியானத்திலிருந்து ஒரு வாய் தண்ணீர் குடிக்கவில்லை. இதற்குப் போய் டாக்டருக்குப் படிக்க வேண்டுமாம்.

மார்ச் 6, வெள்ளி

தொட்டி காலி. குழாய் ஒழுகியது. நாளையிலிருந்து காலையிலும் குடிக்கப்போவதில்லை. யார் ஜெயிக்கிறார்கள், பார்த்துவிடலாம்.

மார்ச் 9, திங்கள்

கடை. உலகத்திலேயே உட்கார இடமில்லாத ஒரே இடம் எங்கள் கடைதான். சுற்றிலும் மெத்தை, மெத்தை, மெத்தை. விற்பவன் ஒருத்தனும் உட்காரக் கூடாது. "உக்காந்தா குழி விழும்" என்பது முதலாளியின் தத்துவம். அவர் மட்டும் கல்லாவுக்குப் பின்னால் திண்டு போட்டுச் சாய்ந்திருப்பார். அவருக்குக் குழி விழாதோ? விழுந்து ரொம்ப நாளாயிற்று, நாற்காலியைப் பார்த்தாலே தெரியும்.

சாயங்காலம் ஒரு பெண் வந்தாள். அலுவலகத்திலிருந்து நேராக வந்திருக்க வேண்டும், கழுத்தில் அடையாள அட்டை. "தண்ணி இறங்காத மெத்தை உறை இருக்கா? அப்பாவுக்கு" என்றாள், மெதுவாக. நான் வழக்கமான பாட்டை எடுத்துவிட்டேன். "அதைப் போட்டா மெத்தைக்கு மூச்சு முட்டும்மா. நல்ல மெத்தைக்கு அது செய்யற துரோகம்." என் குரல் எனக்கே கொஞ்சம் அதிகமாகக் கேட்டது. ஒன்றும் வாங்காமல் போய்விட்டாள்.

என்னுடன் விற்பனையில் நிற்பவனுக்கு ஸ்பிரிங் என்று பட்டப்பெயர், ஒரு நிமிடம் சும்மா நிற்க மாட்டான். "ஏண்ணே, இருக்கிற சரக்கை இல்லாத மாதிரி விரட்டுறீங்க?" என்றான். உன் வேலையைப் பாரடா என்றேன்.

மார்ச் 11, புதன்

அவமானம்.

மத்தியானம் ஒரு புதுமாப்பிள்ளைக்கு மெத்தை காட்டிக்கொண்டிருந்தேன். கண் இருட்டியது. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டியிருந்தது. அடுத்து என்ன நடந்தது என்று தெரியாது. கண் விழித்தால் கடையிலேயே விலை உயர்ந்த மெத்தையின்மேல் மல்லாந்து கிடக்கிறேன், வாசலில் விளக்கு போட்டு வைத்திருப்போமே, அதே மெத்தை. ஸ்பிரிங் அட்டையால் விசிறுகிறான். மாப்பிள்ளை போனில் படம் எடுக்கிறானோ என்று சந்தேகம்.

எனக்கு உயிர்மேல் பயம் வரவில்லை. முதலில் கை போனது எங்கே? கீழே. மெத்தையைத் தடவிப் பார்த்தேன். காய்ந்திருந்தது. தெய்வமே. அடித்துப் பிடித்து எழுந்து மறுபடியும் விழப் பார்த்தேன்.

"படுங்கண்ணே, படுங்க!" என்கிறான் ஸ்பிரிங். படுக்கணுமாம்ல! எவனுக்குத் தெரியும் எனக்கு என்ன ஆகும்னு?

முதலாளி வந்து என் முகத்தைப் பார்க்கவில்லை, மெத்தையைப் பார்த்தார். "குழி ஒண்ணும் விழலையே?"

மார்ச் 12, வியாழன்

டாக்டரம்மா காலைப் பிடித்துக் கெண்டைக்காலுக்கு முன்னால் கட்டைவிரலால் அழுத்தினார். விரலை எடுத்த பிறகும் பள்ளம் அப்படியே நின்றது. முதலாளி பயந்த குழி என் காலில்தான் விழுந்திருக்கிறது.

"எவ்வளவு நேரம் நிப்பீங்க?"

"கடை திறந்ததிலிருந்து மூடுற வரைக்கும்."

"பகல் பூரா நின்னா தண்ணி காலுக்கு இறங்கிடும். நீங்க படுத்ததும் அதெல்லாம் மேல ஏறி மூத்திரமாத்தான் வரும். இதுல தண்ணி வேற குடிக்காம இருந்திருக்கீங்க. மூத்திரம் கெட்டியாகி பையை எரிச்சல் படுத்தும், இன்னும் அடிக்கடி வரும். யாரு சொன்னா உங்களுக்கு இந்த வைத்தியம்?"

நான்தான் என்று எப்படிச் சொல்வது? பக்கத்து வீட்டுக்காரர் என்றேன். "அவர் பேச்சையெல்லாம் கேக்காதீங்க" என்றார்.

மூத்திரம் என்றே சொன்னார், ஒருமுறை இல்லை, பலமுறை. பட்டம் சுவரில் அப்படியே இருந்தது.

பகலில் நன்றாகத் தண்ணீர் குடிக்க வேண்டுமாம். பொழுது சாய்ந்த பிறகு குறைக்க வேண்டுமாம், டீ கூடவே கூடாதாம். சாயங்காலம் காலைத் தூக்கி வைத்துப் படுக்க வேண்டும். தூங்குவதற்கு முன் போய்விட்டு வந்து, கொஞ்சம் பொறுத்து மறுபடியும் போக வேண்டும். அடக்கும் தசையை இறுக்கி இறுக்கி விடும் பயிற்சி வேறு. கடைசியில், "வீட்ல அம்மாகிட்ட சொல்லியாச்சா?" என்றார்.

சொல்லியாச்சு என்றேன். பொய்க்கு மட்டும் எனக்கு அடைப்பே கிடையாது.

மார்ச் 15, ஞாயிறு

மருந்துக்கடைக்காரனுக்கு இருப்பது தொண்டையா, ஒலிபெருக்கியா? காதோடு காதாகத்தான் கேட்டேன். அவன் அலமாரி ஏணியில் ஏறி நின்றுகொண்டு, "அண்ணே, பெரியவங்க டயப்பர்தானே? யாருக்கு, உங்களுக்கா?" என்று தெருக்கோடிக்குக் கேட்கும்படி கேட்கிறான். பின்னால் வரிசை. எல்லோருக்கும் திடீரென்று காது கூர்மையாகிவிட்டது.

"மாமியாருக்கு" என்றேன்.

மாமியார் போய்ச் சேர்ந்து வருஷக்கணக்கு ஆகிறது. உயிரோடு இருந்தவரைக்கும் எனக்கு ஒரு உதவி செய்ததில்லை. இப்போதாவது செய்யட்டும்.

"இடுப்பு என்ன சைஸ்ணே?"

"கிட்டத்தட்ட என் சைஸ்."

"அடேயப்பா!" என்றான்.

பாக்கெட்டின்மேல் ஒரு நரைத்த கிழவனும் கிழவியும் கைகோத்து ஓடுகிறார்கள், முப்பத்திரண்டு பல்லும் தெரிய. எதற்கு இந்தச் சிரிப்பு? அவன் உள்ளே என்ன போட்டிருக்கிறான் என்று அவளுக்குத் தெரியுமா? தெரிந்துமா சிரிக்கிறாள்? அச்சடிக்கிறவர்களுக்கு மனசாட்சி கிடையாது.

மார்ச் 17, செவ்வாய்

நேராகப் படுத்தால் தாங்குகிறது. ஒருக்களித்தால் தொடையோரமாக வழிகிறது. நான் ஆயுசுக்கும் ஒருக்களித்தே படுத்தவன், அவள் பக்கம் பார்த்து. இந்தச் சனியனை நம்பி உள்ளே போக முடியாது. பாய்தான் கதி.

இவள் இரண்டு நாளாகச் சரியாகப் பேசுவதில்லை. முதுகு எப்படி இருக்கிறது என்றுகூடக் கேட்கவில்லை. கேட்காமல் இருக்கும்போதுதான் பயமாக இருக்கிறது.

மார்ச் 21, சனி

போச்சு. எல்லாம் போச்சு.

கதவைத் திறந்ததும் கேட்டாள்: "எங்கம்மா எப்ப வந்தாங்க?"

எனக்குப் புரியவில்லை. பையிலிருந்து தன் மாத்திரைகளை எடுத்து ஒவ்வொன்றாக மேஜைமேல் வைத்தாள். "மருந்துக்கடைத் தம்பி கேக்குறான். அம்மாவுக்கு இப்ப எப்படி இருக்கு, வாங்கிட்டுப் போன சைஸ் சரியா இருக்கான்னு. எங்கம்மா எலும்பும் தோலுமா இருந்தவங்க."

"நீ என்ன சொன்னே?"

"நல்லாருக்காங்க, சைஸ் சரியா இருக்குன்னு சொல்லிட்டு வந்தேன். வரிசையில அத்தனை பேர் நிக்கிறப்ப வேற என்ன சொல்றது?"

சிரிப்பாள் என்று நினைத்தேன். நானாக இருந்தால் வருஷம் முழுக்கச் சொல்லிச் சொல்லிச் சிரித்திருப்பேன். அவள் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். "ஆபரேஷனுக்கு அப்புறம் என்னைப் பக்கத்துல வச்சுக்கப் பிடிக்கலையோன்னு நெனச்சேன். பாயைத் தூக்கிட்டுப் போன அன்னைக்கே கேட்டிருக்கணும். ஆமான்னு சொல்லிட்டா என்ன பண்றதுன்னு கேக்கல" என்றாள். கண்ணைத் துடைத்துக்கொள்ளவும் இல்லை.

அட முட்டாளே. அட வடிகட்டின முட்டாளே. நீ மெத்தையைத்தானே காப்பாத்திக்கிட்டு இருந்திருக்கே! அவ உள்ள தனியாப் படுத்து என்னென்னமோ நெனச்சு அழுதிருக்கா, நீ இங்க வாளியில துணி அலசிக்கிட்டு கெட்டிக்காரன்னு... வெட்கமாக இருக்கிறது. நனைந்ததற்காக இல்லை. அவளை இப்படி நினைக்கவிட்டதற்காக.

எல்லாவற்றையும் சொன்னேன். மயங்கி விழுந்தது உட்பட. பக்கத்து வீட்டுக்காரர் வைத்தியம் என்று டாக்டரிடம் சொன்னதைக் கேட்டபோதுதான் கொஞ்சம் சிரித்தாள்.

"இன்னைக்கு உள்ள வந்து படுங்க."

"மெத்தை..."

"நாளைக்கு உங்க கடையிலேர்ந்து அந்தத் தண்ணி இறங்காத உறையை வாங்கிட்டு வாங்க. இன்னைக்குப் பழைய ரெயின்கோட்டை விரிச்சுக்கலாம்."

"உறை போட்டா மெத்தை மூச்சு..."

"மெத்தை மூச்சு விட்டா விடுது, விடாட்டிப் போகுது. நான் மூச்சு விடணும்."

மார்ச் 22, ஞாயிறு

இரண்டு உறை வாங்கினேன். ஸ்பிரிங் வாயைத் திறப்பதற்குள், "எனக்குத்தான்" என்றேன். வாயை மூடிக்கொண்டான். உண்மைக்கு இப்படி ஒரு பலன் இருப்பது தெரியாமல் போயிற்று.

கீழே ஒரு உறை, அதன்மேல் விரிப்பு. அதற்குமேல் இன்னொரு உறை, இன்னொரு விரிப்பு. மேல் உறைக்கும் மேல் விரிப்புக்கும் நடுவில் உறிஞ்சுகிற தடித்த துணி. நனைந்தால் மேல் அடுக்கை உருவிவிட்டு அப்படியே படுத்துக்கொள்ளலாம், இது அவள் யோசனை. மூலை மடிப்பு மட்டும் மகா கண்றாவி. அவளைத் தள்ளிவிட்டு நானே செருகினேன். மெத்தை மடிப்பு இவளுக்கு எந்த ஜென்மத்திலும் வராது. புரண்டால் சரசரவென்று சத்தம் வேறு.

சுவர் பக்கம். என் இடம்.

மார்ச் 25, புதன்

நேற்று நனைந்தது. நான் விழித்து, செத்தவன் மாதிரி அசையாமல் கிடந்தேன். அவள் விளக்கைப் போடவில்லை. "தள்ளுங்க" என்றாள். மேல் அடுக்கை உருவி மூலையில் போட்டாள், நான் லுங்கி மாற்றிக்கொண்டு வருவதற்குள் குறட்டை விட்டுக்கொண்டிருந்தாள். எனக்கென்னவோ இன்னும் கொஞ்சம் அனுதாபப்பட்டிருக்கலாம் என்று தோன்றியது.

மார்ச் 30, திங்கள்

முதலாளியிடம் சொன்னேன்: சாயங்காலத்தில் விற்பனையாளன் மெத்தைமேல் படுத்துக் காட்டினால் வாடிக்கையாளர் நம்புவார்கள். குழி, குழி என்று புலம்பினார். குழி விழுந்தால் அந்த மெத்தையை விற்பதே பாவம் என்றேன். இப்போது தினமும் வாசல் மெத்தையில், காலுக்குக் கீழே தலையணைகளை அடுக்கிக்கொண்டு ராஜா மாதிரி கிடக்கிறேன். உள்ளுக்குள் இறுக்கு, விடு, இறுக்கு, விடு. முகத்தைப் பார்த்து மெத்தை அவ்வளவு சுகம் என்று நினைக்கிறார்கள், மடையர்கள்.

அந்த அடையாள அட்டைப் பெண் மறுபடியும் வந்தாள். வேறெங்கும் நல்லதாகக் கிடைக்கவில்லையாம். படுத்தபடியே, "ரெண்டு வாங்கிக்கம்மா. ஒண்ணுமேல ஒண்ணு போடணும்" என்றேன்.

"அன்னைக்கு மூச்சு முட்டும்னீங்க?"

"அன்னைக்குச் சொன்னவன் ஒரு மடையன். அப்பாவைப் பகல்ல நல்லாத் தண்ணி குடிக்கச் சொல்லு."

ஏப்ரல் 2, வியாழன்

இன்று விடியும்போது கை சில்லென்றது. மனசு விட்டுப்போயிற்று. ஒரு வாரமாகக் காய்ந்திருந்ததே! மெல்லத் தடவினேன். என் பக்கம் காய்ந்திருந்தது. லுங்கி காய்ந்திருந்தது. ஈரம் அவள் தலையணையிலிருந்து வந்தது. தலைக்குக் குளித்துவிட்டு, துவட்டாமல், கூந்தலைப் பரப்பிப் போட்டுக்கொண்டு தூங்குகிறாள். எத்தனை வருஷத்துக்குப் பிறகு!

"ஏய், மெத்தை..." என்று எழுப்பினேன்.

கண்ணைத் திறக்கவில்லை. "ஏன், நீங்க மட்டும்தான் நனைக்கணுமா?" என்றாள்.