மதினி, உன் வலைக்கு இனி நான் காவல்

என் சண்டைக்கார மதினி காமாச்சிக்கு,

சிறுமலைப் பக்கம் கறுத்துக்கொண்டு வருகிறது. எனக்குப் பயமாக இருக்கிறது. இந்தத் தெருவில் இதை யாரிடமும் சொல்ல முடியாது, சிரிப்பார்கள். நீயும் சிரித்திருப்பாய். இப்போது உன் சிரிப்பு எனக்குக் கேட்காது அல்லவா, அதனால் உன்னிடமே சொல்கிறேன்.

ஆடியில் நீ போனாய். காலையில் பால் வாங்கியவள் மத்தியானம் இல்லை. உன் பிளாஸ்டிக் நாற்காலி இன்னும் குளத்தங்கரையில், வாய்க்கால் வாயில்தான் கிடக்கிறது. உடைந்த காலுக்கு நீ முட்டுக் கொடுத்த செங்கலும் அப்படியே இருக்கிறது. எடுக்க யாருக்கும் மனசு வரவில்லை.

மழை பெய்தால் மலைக்கோட்டைப் பாறையில் விழுகிற தண்ணீர் கடைவீதியைக் கழுவிக்கொண்டு நம் தெரு வாய்க்கால் வழியாகத்தான் குளத்துக்குப் போகும். தண்ணீர் மட்டுமா போகும்? டீ கப், கேரி பேக், வண்டி எண்ணெய், கோழிக்கடைக் கழிவு, எல்லாம் போகும். நீதான் வெங்காய மண்டியில் வலைச்சாக்குகளைக் கேட்டு வாங்கி, ஒன்றோடொன்று தைத்து, வாய்க்கால் குளத்தில் விழுகிற இடத்தில் கட்டினாய். மழை விடும்வரை குடையோடு அங்கேயே உட்கார்ந்திருப்பாய். வலை நிறைந்தால் துரட்டியால் இழுத்துக் கரையில் கொட்டிவிட்டு அடுத்ததைக் கட்டுவாய். உன்னை யார் செய்யச் சொன்னார்கள் என்று கேட்டால், "நம்ம போர்ல வர்றது இந்தக் குளத்துத் தண்ணிதான் ராக்கு. பேத்தி குடிக்கிறதுல கோழிக்குடலைக் கலக்கச் சொல்றியா?" என்பாய்.

நல்லதுதான் செய்தாய். ஆனால் நான் ஒன்றையும் மறக்கவில்லை. என் பேத்தியைப் பெண் பார்க்க வத்தலக்குண்டிலிருந்து ஆட்கள் வந்து, கையில் கேசரித் தட்டோடு இருக்கிற நேரம். துரட்டி முனையில் என் சின்னப் பேரனுக்குக் கட்டிக் கழித்த பம்பர்ஸைத் தொங்கவிட்டுக்கொண்டு என் வாசலில் வந்து நின்றாய்.

"ஏ ராக்கு! உன் வீட்டுச் சொத்து என் வலையில கெடந்துச்சு. எடுத்துப் பத்திரமா வச்சுக்க!"

மாப்பிள்ளையின் அம்மா கேசரியைக் கீழே வைத்துவிட்டாள். கல்யாணம் நடந்தது, அது வேறு. அந்தத் தை மாசம் முழுக்க நான் உன் முகத்தில் விழிக்கவில்லை. இப்போதும் எனக்கு ஆறவில்லை.

பேச்சு வார்த்தை இல்லாத இன்னொரு மழை நாளில்தான், வலை தண்ணீர் பாரத்தோடு உன்னையும் சேர்த்து இழுத்தது. ஓடி வந்து உன் முந்தானையைப் பிடித்தேன். மேலே வந்ததும் நீ என்ன சொன்னாய்? "சின்னாளப்பட்டிச் சேலையக் கிழிச்சுட்டியே, பாவி!" அன்றைக்கு ராத்திரி இரண்டு தடவை எழுந்து வந்து உன் வீட்டுக் கதவைப் பார்த்துவிட்டுப் போனேன். அது உனக்குத் தெரியுமா? நான் சொல்லவில்லை, நீயும் கேட்கவில்லை.

நீ போன பிறகு முதல் பெரிய மழை புரட்டாசியில் வந்தது. உன் மகன் அம்மா ஞாபகமாக வலையைக் கட்டிவிட்டு வேலைக்குப் போய்விட்டான். கட்டுவதற்கு ஆள் இருக்கிறது மதினி, உட்காருவதற்குத்தான் இல்லை. வலை அடைத்துக்கொண்டது. செத்த நேரத்தில் தண்ணீர் படியேறி, நிலையைத் தாண்டி வீட்டுக்குள் வந்துவிட்டது. கறுப்புத் தண்ணீர். நடுவீட்டில் தொட்டில், அதில் பேத்தியின் கைப்பிள்ளை. தொட்டிலின் அடி நனைகிறது, பிள்ளை தூங்குகிறது. என் மகனைக் கூப்பிட்டுக் கத்தினேன். அந்தப் பயம் இன்னும் போகவில்லை.

என் மகன் பிள்ளையைத் தூக்கி மாடிப்படியில் நின்ற பேத்தியிடம் கொடுத்துவிட்டு, அரிவாளோடு ஓடி வலையை அறுத்தான். தெரு வடிந்தது. அம்புட்டுக் குப்பையும் குளத்துக்குள் போனது. மறுநாள் கரையெல்லாம் மீன்கள் வெள்ளை வயிற்றைக் காட்டிக்கொண்டு கிடந்தன. சில நாளில் போர்த் தண்ணீரும் வாடை அடித்தது. வலையைக் கட்டினால் வீட்டுக்குப் பயம், கட்டாவிட்டால் குளத்துக்குப் பயம். எதைக் கைவிடுவது? நீ இருந்தால் நான் கேட்டிருக்க மாட்டேன். நீயாகவே வந்து சொல்லியிருப்பாய்.

ஒரு நல்ல சேதியும் உண்டு. கார்ப்பரேஷன் ஆபீசிலிருந்து ஒரு இன்ஜினியர் பெண் வந்தாள். வாய்க்கால் குளத்தைத் தொடுவதற்கு முன்னால் பெரிய தொட்டி கட்டப் போகிறார்களாம். மண் அதில் படியும். குப்பையைச் சாய்வான கம்பிகள் மறிக்கும். பெருமழை என்றால் தண்ணீர் மேல்வழியாகக் குளத்துக்குத் தாண்டிப் போகும், தெருவுக்குத் திரும்பாது. வீட்டுச் சாக்கடைக் குழாய்களையும் வாய்க்காலிலிருந்து எடுத்துவிட வேண்டுமாம்.

அறுந்து தொங்கிய உன் வலையைப் பார்த்து, "யாரு பாட்டி கட்டுனது?" என்றாள்.

"எங்கண்ணன் பொண்டாட்டி."

"நல்ல யோசனைதான். ஆனா ஆபத்து பாட்டி."

அதைத்தானே நானும் உன்னிடம் தொண்டை கிழியச் சொன்னேன்? தொட்டி முடியத் தை தாண்டிவிடுமாம். ஐப்பசி மழை அதுவரை பொறுக்குமா?

இன்று காலை நானே வலை கட்டப் போனேன். அறுந்த பழைய வலையில் ஒரு பம்பர்ஸ் சிக்கிக் கிடந்தது. தொட்டில் நனைந்த நாளிலிருந்து எங்கள் பிள்ளைக்குத் துணிதான். அப்படியானால் இது உன் சின்னப் பேத்தியுடையது, உன் வீட்டுச் சொத்து! எத்தனை வருஷமாகக் காத்திருந்தேன். துரட்டியில் மாட்டிக்கொண்டு உன் வாசலில் போய் நின்று, நீ சொன்னதை ஒரு எழுத்து விடாமல் சொன்னேன். உன் மருமகள் செல்வி நைட்டியோடு வெளியே வந்தாள். சண்டைக்கு வருவாள் என்று நினைத்தேன். நிலையைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டாள்.

"அத்தை வந்து பேசுன மாதிரியே இருக்கு சின்னம்மா." பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "முட்டி மடங்காத ஆளு, நீங்க எதுக்குத் துரட்டியத் தூக்குறீங்க?" என்றாள்.

"பின்ன, உன் புருசனா வந்து உக்காரப் போறான்?"

"நான் வாரேன். நீங்க நாற்காலியில உக்காந்து எல்லாரையும் திட்டுங்க, அது உங்களுக்கு நல்லா வரும். வலைய நான் இழுக்குறேன்."

"ஆளையே இழுத்துட்டுப் போயிரும் புள்ள."

"முந்தானையப் பிடிச்சுக்க நீங்க இல்லையா?"

"நைட்டியில ஏதுடி முந்தானை? போயி சேலையக் கட்டிட்டு வா."

மதினி, என் கை அன்றைக்கு இருந்த கை இல்லை. ஒரு குடத்தைத் தூக்கினாலே நழுவுகிறது. அவளுக்கும் இரண்டு பிள்ளைகள். என் பயமெல்லாம் இப்போது இந்தக் கைமேல்தான். நீ இருக்கிற இடத்திலிருந்து நீயும் கொஞ்சம் சேர்ந்து பிடிக்க முடியுமா?

தூறல் விழுகிறது. செல்வி சேலை கட்டிக்கொண்டு வருகிறாள். அவள் சேலை நூல் நூலாகப் பிரிந்தாலும் பிடியை விடமாட்டேன். தொட்டி கட்டி முடிகிறவரை உன் நாற்காலி காலியாகவும் இருக்காது. இது சத்தியம். அந்தக் கேசரி விஷயத்தை மட்டும் நேரில் வந்து பேசிக்கொள்கிறேன்.

உன் சேலையைக் கிழித்த பாவி,
உன் நாத்தனார் ராக்கம்மாள்