அண்ணியின் கூரையில் ஒரு குவிமாடம்

மார்ச் 4
கூரை ஓவியம் முடிந்தது. உள்அலங்கார ஆபீஸ் வேலையை விட்ட பிறகு தனியாகச் செய்யும் முதல் வேலை, அண்ணியின் பல் மருத்துவமனை. பழைய ஆபீசில் எல்லாமே வெள்ளைச் சுவர், நேர்கோடு. வளைவு ஒன்று வரைந்தால் மேலாளர் முகம் சுளிப்பார். இங்கே ஆசை தீரப் பரோக் பாணி. அந்தக் கால ஐரோப்பிய மாளிகைகளில் தட்டைக் கூரையிலேயே தூணும் வானமும் தீட்டி, கட்டடம் மேலே மேலே போவதாக ஏமாற்றுவார்களே, அதே வித்தை. ஆனால் தங்கப்பூச்சு, தேவதைகள் கிடையாது. எட்டுத் தூண் தாங்கும் குவிமாடம், இரண்டே நிறம், நடுவில் மேகம். வாசலில் நின்று பார்த்தேன். சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை எனக்கு.

மார்ச் 6
அண்ணியிடமிருந்து போன். முதலில் வந்தவர் ஓய்வுபெற்ற தபால்காரராம். நாற்காலியில் சாய்ந்தவர் உடனே எழுந்துவிட்டாராம். “தூணெல்லாம் எம்மேல விழுது டாக்டரம்மா, நான் வேற இடம் பாத்துக்கறேன்” என்றாராம்.
ஓடிப்போய்ப் படுத்துப் பார்த்தேன். விழத்தான் செய்கிறது. எட்டுத் தூணும்.

அதே நாள், மாலை
முட்டாள். இந்த வித்தைக்குப் பார்க்கும் இடம் ஒன்றே ஒன்று. நகர்ந்தால் எல்லாம் கோணிவிடும். நான் வாசலில் நிற்பவருக்காக வரைந்திருக்கிறேன். பல் டாக்டர்கிட்ட வர்றவங்க நின்னுக்கிட்டா கூரையப் பாப்பாங்க? இதுகூடவா எனக்குத் தோணல?
நாற்காலியை நகர்த்த முடியாது, தண்ணீர்க் குழாய் தரைக்குள் போகிறது. படுத்திருப்பவர் கண்ணுக்கு ஏற்ப எல்லாத் தூணையும் திருப்பி வரைய வேண்டியதுதான்.
“அடுத்த ஞாயிறு வரைக்கும் டைம். சரியா வரலன்னா வெள்ளையடிச்சிடுவேன். கோவிச்சுக்காத” என்றார் அண்ணி.
முதல் வேலையே இப்படி ஆனால் அடுத்ததை யார் தருவார்கள்? பழைய ஆபீஸ் வாசலில் போய் நிற்க வேண்டியதுதான்.

மார்ச் 8
நாள் முழுக்க நாற்காலியில் படுத்தபடி “இன்னும் இடப்பக்கம்” என்று நான் கத்த, பெயிண்டர் சாரத்தில் நின்று கோடு போட்டார்.
“என் கழுத்து ஒடியுது. நீங்க படுத்துக்கிட்டே வேலை பாக்கறீங்க. குடுத்து வச்சவங்க” என்றார். சொல்லி முடிக்கும்போது என் மூக்கில் பெயிண்ட் சொட்டியது. வேண்டுமென்றேதான்.

மார்ச் 11
ஐந்து தூண் நிமிர்ந்தாயிற்று. என் முதுகுதான் நிமிரவில்லை.

மார்ச் 15
தபால்காரரைக் கெஞ்சிக் கூத்தாடி வரவழைத்திருந்தார் அண்ணி. நான் வாசலில் நின்றேன். அங்கிருந்து பார்த்தால் இப்போது எல்லாமே கோணல்.
தபால்காரர் நாற்காலியில் சாய்ந்தார். கைப்பிடியை இறுகப் பிடித்தார். சற்று நேரத்தில் விட்டார்.
“எவ்வளவு உசரம் இது?”
“ஒம்பது அடி. வாயத் தொறங்க.”
பல்லைப் பிடுங்கி, பஞ்சை வைத்து, அண்ணி நாற்காலியை நிமிர்த்தப் போனார். அவர் கையைக் காட்டித் தடுத்தார்.
“ரெண்டு நிமிஷம்” என்றார் பஞ்சைக் கடித்தபடியே.
அண்ணி என்னைப் பார்த்தார். பிறகு வெளியே போய், காத்திருந்த அடுத்தவரிடம், “கொஞ்சம் உக்காருங்க, அவரு எந்திரிக்க லேட்டாகும்” என்றார்.