நான்காம் பக்கத்து மாடுகள்

அன்பு மகளுக்கு அம்மா எழுதிக்கொள்வது. புகை போக மீதி இருக்கும் காற்றில் நானும் உன் அப்பாவும் நலம். நீயும் மாப்பிள்ளையும் ஜன்னலே திறக்காத அந்தக் கண்ணாடிக் கட்டடங்களில் நலமாகத்தான் இருப்பீர்கள். அப்பாவுக்கு இருமல் விட்டபாடில்லை, ஜன்னல் இடுக்கெல்லாம் ஈரத்துணி அடைத்து வைத்திருக்கிறேன், காயப்போட்ட துணியில் கரி விழுந்து மறுபடி துவைக்கிறேன். நம் வட்டத்தில் அறுவடை முடிந்து நிற்கிற மக்காச்சோளத் தட்டை ஒரு ஏக்கர்கூட எரியவில்லையாம், எங்கள் அலுவலகக் காகிதத்தில் இருக்கிறது, நீங்கள் எதற்கு இருமுகிறீர்கள் என்று கேட்டேன். "அப்ப இது பொய் இருமலா"ன்னு கேட்டுவிட்டுச் சிரித்தார், சிரித்ததில் இன்னும் கொஞ்சம் இருமினார்.

போன வாரம் நீ போனில் சொன்னதற்கு அப்போதே பதில் சொல்லியிருப்பேன், வாயில் நல்ல வார்த்தை வராது என்று வைத்துவிட்டேன். பெரிய கூட்டத்தில் நாடு முழுக்க எவ்வளவு மீத்தேன் வாயு காற்றில் கலக்கிறது என்று நீ வாசிக்கப் போகிறாய், அதில் நம் வட்டத்தை மற்றவர்களுக்கு முன்மாதிரியாகக் காட்டப் போகிறாய், அதற்கு அம்மா படிவத்தைச் சரிபார்த்ததாகக் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்டால் போதும். "எல்லா ஊர்லயும் இப்படித்தாம்மா அனுப்புறாங்க"ன்னு நீ சொன்னது இன்னும் காதில் நிற்கிறது. படிக்க வைத்தது வீண் என்று எந்த அம்மாவும் எழுத மாட்டாள், நானும் எழுதவில்லை.

எங்கள் அதிகாரியை உனக்குத் தெரியாது. அலுவலகத்தில் அவருக்கு இஸ்திரி என்று பெயர், சட்டை மடிப்பு கலைந்து யாரும் பார்த்ததில்லை, வயல் பக்கம் போனால்தானே கலையும். தட்டையை எரித்தால் அபராதம் என்று உத்தரவு வந்ததிலிருந்து எரித்த பரப்பு என்ற கட்டத்தில் பூஜ்ஜியம் போடுகிறார். தடை செய்துவிட்டால் எரியாதாம். சரி, ஐயாயிரம் ஏக்கர் தட்டை எங்கே போனது என்று படிவம் கேட்கிறதே, அதற்கு மாடு தின்றது என்று எழுதினார். இருக்கிற தொள்ளாயிரம் மாட்டுக்கு அது வயிறு வெடிக்கிற தீனி என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள், உடனே நான்காம் பக்கத்தில் மாடுகளை இரண்டாயிரத்து எழுநூறாக்கிவிட்டார். மாடும் ஏப்பத்தில் அதே மீத்தேனைத்தான் விடும் என்பது பிறகுதான் அவருக்கு ஞாபகம் வந்திருக்கிறது. மாட்டு வாயுவைக் கேட்கும் ஒன்பதாம் பக்கத்தில் அறுநூறு மாடு. தின்ன வந்த மாடெல்லாம் ஐந்து பக்கம் தாண்டுவதற்குள் எங்கே போனது என்று நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டேன். "அது வேற பக்கம்மா, அதை வேற ஆள் படிப்பாங்க"ன்னு நிதானமாகச் சொல்கிறார். அந்த வேற ஆள் என் மகள்தான் என்று சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவனையாவது மன்னிக்கலாம், அவனுக்குச் சோறாவது இருக்கிறது. இங்கே தட்டையை வெட்டித் தூளாக்கும் இயந்திரம் ஒன்றே ஒன்று, திறப்பு விழாவுக்குக் கட்டிய ரிப்பன்கூட அவிழ்க்காமல் கொட்டகையில் பூட்டி வைத்திருக்கிறார்கள். அடுத்த விதைப்புக்கு இருபது நாள்தான், பாவம் விவசாயி என்ன செய்வான், தீக்குச்சி கிழிக்கிறான். இன்னும் இருபது இயந்திரம் கேட்டு விவசாயிகள் எழுதிய மனுவை மேலே பார்த்துவிட்டு, எரிக்காத ஊருக்கு இது எதற்கு என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அந்தப் பூஜ்ஜியத்தின் லட்சணம் இது. அதைத்தான் நீ மேடையேற்றப் போகிறாய்.

ஒன்பது நாள் அப்பாவின் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து போய்க் கருகிய வயலை எண்ணினேன். மனுஷன் மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு வண்டி ஓட்டினார், வேண்டாம் என்றாலும் கேட்கவில்லை. மூவாயிரத்து எண்ணூறு ஏக்கர். மழையில் நனைந்த தட்டை கொழுந்துவிட்டு எரியாமல் இரண்டு நாள் புகைந்துகொண்டே கிடக்கிறது, அப்படிப் புகையும்போதுதான் மீத்தேன் அதிகம் என்று எனக்குப் பாடம் எடுத்தவளே நீதான். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று சும்மாவா சொன்னார்கள்.

சரிபார்ப்பவர் தவறு கண்டால் சிவப்பு மையில் அடித்துத் திருத்திக் கையெழுத்திட வேண்டும் என்று படிவத்தின் பின்பக்கத்தில் அச்சடித்தே இருக்கிறது. பத்தொன்பது வருடமாக அந்தப் பக்கத்தை நான் திருப்பிப் பார்த்ததில்லை, இஸ்திரியைத் திட்டும்போது என்னையும் சேர்த்துத்தான் திட்டுகிறேன். இன்று காலை பூஜ்ஜியத்தை அடித்து மூவாயிரத்து எண்ணூறு என்று எழுதினேன், மாடுகளை இரண்டு பக்கத்திலும் தொள்ளாயிரம் ஆக்கினேன், கையெழுத்துப் போட்டு நானே தபாலில் சேர்த்தேன். இஸ்திரி முகத்தில் முதல் தடவையாக மடிப்பு விழுந்தது. இனி என்னை எந்த மூலைக்கு மாற்றினாலும் மாற்றட்டும்.

வேளைக்குச் சாப்பிடு, மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல். உன் கழுத்து வலிக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு, தள்ளிப் போடாதே. எங்கள் ஆசீர்வாதம் உனக்கு எப்போதும் உண்டு, கோபத்திலும் உண்டு. படிவம் வெள்ளிக்கிழமைக்குள் உன் மேசைக்கு வந்துவிடும். அதைத் தள்ளிவிட்டுப் பழைய பூஜ்ஜியத்தையே வாசிக்க உனக்கு அதிகாரம் இருக்கிறது, தெரியும். ஆனால் காரணம் எழுதும் கட்டத்தில் என் அம்மாவுக்கு எண்ணத் தெரியவில்லை என்று உன் கையால் எழுதிவிட்டு வாசி.

இப்படிக்கு,
உன் அம்மா