இன்னொரு தபா

பீரோவைத் திறக்கும்போதெல்லாம் புதுப்புடவையின் கஞ்சி வாசனை முகத்தில் அடிக்கிறது. என் புடவைகள் எல்லாம் துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆனவை, வெளிர் நிறங்கள். அவற்றுக்கு நடுவே ஒரு அரக்குப் புடவை, கடைப் பையிலிருந்து மஞ்சள் கரை மட்டும் எட்டிப் பார்க்கும்படி இருக்கிறது. உங்களுக்காக வாங்கியது. உங்கள்மேல் போட்டிருக்க வேண்டியது.

இன்று மத்தியானம் அதை எடுத்து, நீங்கள் தரையில் கால் நீட்டி உட்காரும் இடத்துக்குப் பக்கத்தில் சோபாவின்மேல் வைத்துவிட்டு டிவியைப் போட்டேன். அந்தப் போட்டி மறுபடியும் வந்துவிட்டது, சம்பந்தி.

இப்படி அழைக்கலாமா என்று ஒரு கணம் பேனா நின்றது. உங்கள் மகளும் என் மகனும் பிரிந்த பிறகு நாம் ஒருவருக்கொருவர் என்ன ஆகிறோம் என்பதற்குத் தமிழில் சொல் இருக்கிறதா, தெரியவில்லை. ஆங்கிலத்திலோ நாம் உறவாக இருந்தபோதே அதற்குச் சொல் இல்லை. ஆகவே பழையபடியே அழைக்கிறேன். நீங்களும் கடைசிவரை அப்படித்தானே கூப்பிட்டீர்கள்.

பிள்ளைகளுக்குக் கல்யாணம் ஆன புதிதில் உங்களை எனக்குப் பிடிக்கவில்லை. இதை உங்களிடம் நேரிலேயே சொல்லியிருக்கிறேன். நீங்களும் "எனக்குந்தான்" என்று சொல்லிச் சிரித்திருக்கிறீர்கள். நான் செங்கல்பட்டில் கன்னியாஸ்திரீகளிடம் படித்தவள். சீருடையின் மடிப்பு கலைந்தால் வகுப்புக்கு வெளியே நிற்கவேண்டும் என்பது எங்களுக்கு விதி, நான் ஒருநாளும் நின்றதில்லை. நீங்கள் திருக்கழுக்குன்றத்துக்கு அப்பால் வயலும் லாரியும் வைத்திருந்த வீட்டிலிருந்து, மொச்சைக்காய் மூட்டையோடு படூர் அடுக்குமாடியின் லிஃப்டில் ஏறி வந்தவர். லிஃப்டில் நின்ற முன்பின் தெரியாதவர்களுக்கெல்லாம் ஆளுக்கொரு கை மொச்சை கொடுத்துவிட்டுத்தான் எங்கள் மாடியில் இறங்கினீர்கள். எனக்கு அவமானமாக இருந்தது. மறுநாளிலிருந்து அவர்கள் எல்லோரும் என்னிடம் உங்களைத்தான் விசாரித்தார்கள்.

அந்தத் தை மாதத்தில்தான் என் மகன் இந்தப் பாலே போட்டியின் நேரடி ஒளிபரப்பை எனக்காக டிவியில் போட்டுக் கொடுத்தான். எங்கள் பள்ளி நூலகத்தில் தடித்த அட்டை போட்டுக் கட்டிவைத்த பழைய வெளிநாட்டுப் பத்திரிகைகள் இருந்தன. அவற்றில் பாலே படங்கள் வரும். ஒவ்வொரு நிலைக்கும் பிரெஞ்சுப் பெயர் என்னவென்று எனக்கு மனப்பாடம். ஆனால் அந்தப் படங்கள் நகர்ந்து நான் பார்த்ததில்லை. ஐரோப்பாவில் பனி கொட்டும் ஏதோ ஓர் ஊர். உலகத்தின் பல மூலைகளிலிருந்து வந்த பிள்ளைகள், பதினைந்து வயதுக்குக் குறையாமல், பதினெட்டைத் தாண்டாமல். உடையில் வரிசை எண் அட்டையைக் குத்திக்கொண்டு ஒவ்வொருவராக வந்து ஆடினார்கள். ஜெயிப்பவர்களுக்குப் பெரிய நடனப் பள்ளிகளில் இடம் கிடைக்கும். ஐம்பது வருடமாகக் காத்திருந்தவள்போல நான் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தேன். நீங்கள் மொச்சை உரித்துக்கொண்டிருந்தீர்கள்.

"இன்னா சம்மந்திம்மா, கட்டவிரல்ல நிக்குதுங்க. வலிக்காது?"

வலிக்கும் என்றேன்.

"அப்பால இன்னாத்துக்குச் சிரிக்குதுங்க?"

சிரிக்காவிட்டால் மதிப்பெண் குறையும் என்றேன். அதற்குப் பிறகு ஒன்றைக் கவனித்தேன். ஒரு பிள்ளை ஒற்றைக் காலில் சுற்ற ஆரம்பித்தால் உங்கள் கை நின்றுவிடும். சுற்றி முடித்து இரண்டு காலும் தரையில் பட்ட பிறகுதான் அடுத்த மொச்சை தோலை விட்டு வெளியே வரும்.

நான் பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் போட்டேன், அரை, கால் எல்லாம் சேர்த்து. உங்களிடம் இரண்டே மதிப்பெண்தான் இருந்தன. ஒன்று "பாஸு". மற்றது "இன்னொரு தபா". ஃபெயில் என்று ஒன்று வேண்டாமா என்று கேட்டேன். அது எதற்கு, அதுதான் ஊரில் எல்லோரும் போடுகிறார்களே என்றீர்கள்.

அந்த மேடை பார்ப்பவர்கள் பக்கமாகச் சரிந்திருக்கிறது என்றும், சமதளத்தில் பழகிய பிள்ளைகளைச் சுற்றும்போது அது முன்னால் தள்ளிவிடும் என்றும் வர்ணனையாளர் சொன்னதை உங்களுக்கு மொழிபெயர்த்தேன். சதுரங்கப்பட்டினத்தில் கடலோரமாக நடக்கிற மாதிரி, ஒரு கால் மேலே ஒரு கால் கீழே, அப்படித்தானே என்று கேட்டீர்கள். அது வேறு இது வேறு என்று நான் கண்டிப்பாகச் சொன்னேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமையே உங்கள் மகளைக் கார் எடுக்கச் சொல்லி என்னையும் இழுத்துக்கொண்டு போனீர்கள். கோட்டைக்குள் டச்சுக்காரர்களின் கல்லறை எழுத்துக்களை நான் கண்ணாடி போட்டு வாசித்துக்கொண்டிருக்க, "செத்தவன் எங்கியும் போவ மாட்டான், வாங்க" என்று கையைப் பிடித்தீர்கள்.

ஈரமணல் சரிவில் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, என் தோளைப் பிடித்து, ஒரு காலைத் தூக்கி நீங்கள் அரைச் சுற்று சுற்றினீர்கள். மணல் நம் இருவரையும் கடல் பக்கம் கொண்டுபோனது. அலை முழங்கால் வரை நனைத்தது. வலை பிரித்துக்கொண்டிருந்த ஒருவர், "இன்னாம்மா, ரெண்டு பேரும் டான்ஸு கத்துக்கினு கீறீங்களா?" என்றார்.

"ஆமாம்பா, பாரின்ல போட்டி கீது. வலைய அப்பால நவுத்து, எடம் பத்தல."

நான் சிரிப்பது தெரியாமலிருக்க முகத்தைக் கடல் பக்கம் திருப்பிக்கொண்டேன். உங்களுக்குத் தெரிந்திருக்கும். திரும்பி வரும்போது மாமல்லபுரத்தில் காரை நிறுத்தி இளநீர் குடித்தோம். பக்கத்துப் பட்டறையில் உளிச்சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. அது வேறு இது வேறு இல்லை, ஒன்றுதான் என்று நான் ஒப்புக்கொண்டபோது நீங்கள் வெற்றியைக் கொண்டாடவில்லை. இளநீரில் வழுக்கை இல்லை என்று கடைக்காரரிடம் சண்டை போட்டுக்கொண்டிருந்தீர்கள்.

அடுத்த வருடம்தான் அந்தப் பெண் வந்தாள். பிரேசிலிலிருந்து வந்தவள், வந்தவர்களில் சின்னவள். நல்ல கறுப்பு, நீண்ட கழுத்து, பச்சை உடை. "நம்ப வூட்டுப் பொண்ணாட்டம் கீறா" என்று அவள் ஆடத் தொடங்குமுன்பே சொல்லிவிட்டீர்கள். தொடக்கம் அழகாக இருந்தது. மேடையின் நடுவில் சுற்று வந்தது. சரிவு அவளை இழுத்தது. உட்கார்ந்த நிலையில் விழுந்தாள். இசை அவளுக்காக நிற்கவில்லை. அவள் எழுந்து, விட்ட இடத்தைத் தேடாமல் இசை இருந்த இடத்துக்குப் போய்ச் சேர்ந்து, முடித்து, வணங்கிவிட்டுப் போனாள்.

நான் மூன்று என்றேன். விழுந்தவளுக்கு மூன்றே அதிகம் என்றும் சொன்னேன்.

"இன்னொரு தபா" என்றீர்கள். இது போட்டி, இன்னொரு தடவை எல்லாம் கிடையாது என்று விளக்கினேன். "இந்த வருசம் இல்லன்னா வேற வருசம். அவ கும்பிட்டுட்டுப் போனதப் பாக்கல? வருவா."

அவள் வருவாளா மாட்டாளா என்பது அன்றிலிருந்து நமக்குள் ஒரு வழக்காகவே ஆகிவிட்டது. அது நிலுவையில் இருக்கும்போதே பிள்ளைகளின் வழக்கு வந்தது. யார்மேல் தப்பு என்று நாம் இருவரும் ஒருமுறைகூடப் பேசிக்கொள்ளவில்லை. அந்த ஒன்றில் நாம் கெட்டிக்காரிகள். அடுத்த தையில் உங்கள் மகள் பிறந்த வீட்டுக்கு வந்துவிட்டிருந்தாள். நான் படூரில் டிவிக்கு முன்னாலும் நீங்கள் ஊரில் போனை ஸ்பீக்கரில் போட்டுக்கொண்டும் இருந்தோம். நான் பார்த்துச் சொல்லச் சொல்ல நீங்கள் மதிப்பெண் போட்டீர்கள். பார்க்காமல் எப்படிப் போடுவது என்று கேட்டேன். நான் சொல்கிற குரலிலேயே தெரிகிறது என்றீர்கள். அந்த வருடம் அவள் வரவில்லை, அதற்கடுத்த வருடமும் வரவில்லை. நான் சொன்னேனே என்றேன். வயது இன்னும் முடியவில்லையே என்றீர்கள்.

நாம் கடைசியாகச் சந்தித்தது செங்கல்பட்டு கோர்ட்டு வராந்தாவில். உள்ளே எல்லாம் முடிந்து, கையெழுத்தும் ஆகி, பிள்ளைகள் இருவரும் ஆளுக்கொரு பக்கம் படியிறங்கிப் போய்விட்டார்கள். நாம் இருவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். எழுந்து போனால் அதற்குப் பிறகு சேர்ந்து உட்கார நமக்குக் காரணம் இருக்காது என்று எனக்குத் தோன்றியது. உங்களுக்கும் தோன்றியிருக்க வேண்டும். உங்கள் மகன் வேனைக் கொண்டுவந்து ஹாரன் அடித்த பிறகும் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தீர்கள்.

"அதுங்க பாடு அதுங்களுக்கு. அந்தப் பொண்ணு வந்தா போன் பண்ணுங்க, சம்மந்திம்மா."

"வரமாட்டாள்" என்றேன்.

நான் உங்களிடம் பேசிய கடைசி வார்த்தை அது. வேறு எவ்வளவோ சொல்லியிருக்கலாம். மொச்சைக்கு நன்றி என்றுகூட நான் சொன்னதில்லை.

இந்தப் பொங்கல் கழிந்த வாரம் உங்கள் மகளிடமிருந்து செய்தி வந்தது. "அம்மா தவறிட்டாங்க அத்தை." அத்தை என்றே எழுதியிருந்தாள். என் மகன் வெளியூரில் இருந்தான். நான் ஆட்டோ பிடித்துச் செங்கல்பட்டு வந்து, நம் இரண்டு வீட்டுக்கும் கல்யாண ஜவுளி எடுத்த பாய் கடைக்கே போனேன். கோடிப்புடவை வேண்டும் என்றேன். சத்தமில்லாமல் உள் அலமாரியைத் திறந்தார்.

"மாங்கல்யத்தோட போனவங்களாம்மா?"

ஆமாம்.

"எந்த மொறைக்குப் போடறீங்க?"

அவர் கேட்டது சரியான கேள்வி. அண்ணன் தம்பி வீட்டுக்கு ஒன்று, சம்பந்தி வீட்டுக்கு ஒன்று என்று எடுத்துக் கொடுக்கிறவர். சம்பந்தி முறை என்று சொல்லிவிட்டேன். இந்த அரக்கையும் மஞ்சளையும் அவர்தான் எடுத்து வைத்தார்.

உங்கள் வீட்டு வாசலில் பந்தலுக்குக் கீழே நின்றேன். என்னைக் கண்டு யாரும் முகம் சுளிக்கவில்லை. உங்கள் வீட்டுக்காரர் என்னைப் பார்த்துத் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். குளிப்பாட்டி முடிந்ததும், பிறந்த வீட்டுக் கோடி போட்டார்கள். அடுத்து சம்பந்தி வீட்டுக்காரர்களை அழைத்தார்கள். உங்கள் மூத்த மருமகள் வீட்டார் போனார்கள். அவர்களுக்குப் பின்னால் நானும் பையைப் பிரித்துக்கொண்டு நான்கு அடி வைத்தேன். உங்கள் கொழுந்தனார், அந்த வயதானவர், குறுக்கே வந்தார். கோபமாகச் சொல்லவில்லை. கை கூப்பியபடிதான் சொன்னார்.

"வந்ததே பெருசும்மா. ஆனா மொறை அறுந்துபோச்சில்ல. நாளைக்கு எவனும் ஒரு பேச்சு பேசக்கூடாது."

நான் நின்றுவிட்டேன். வேறு யாராவது அந்த இடத்தில் நின்றிருந்தால், நானே அவரைவிடக் கறாராக அதையே சொல்லியிருப்பேன். விழுந்தவளுக்கு மூன்றே அதிகம். விதி என்றால் விதி. என் வாழ்நாளெல்லாம் நான் நின்ற பக்கம் அது. அன்றைக்கு அந்தப் பக்கத்தில் இன்னொருவர் நின்றுகொண்டிருந்தார், அவ்வளவுதான். பையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டேன். உங்கள்மேல் புடவைகள் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்துகொண்டிருந்தன. நீங்கள் கண்ணைத் திறந்து அந்தக் கொழுந்தனாரை ஒரு வாங்கு வாங்கமாட்டீர்களா என்று பைத்தியக்காரத்தனமாக எதிர்பார்த்தேன். இடம் பத்தவில்லை, நகர்ந்துகொள் என்று.

நான் உங்களுக்கு எழுத உட்கார்ந்த காரணத்துக்கு இப்போதுதான் வருகிறேன். போன் பண்ணச் சொன்னீர்கள். போன் பண்ண இப்போது இடமில்லை.

அவள் வந்தாள், சம்பந்தி.

பெயரைக் கேட்டு நான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டேன். வளர்ந்திருக்கிறாள். முகத்தில் சதை வற்றியிருக்கிறது. இந்த முறை உடை நீலம். இதுதான் அவளுக்குக் கடைசி வருடம், இனி வயது தாண்டிவிடும் என்று வர்ணனையாளர் சொன்னார். அதே நடு மேடை, சுற்று வந்தது. இடுப்புக்கு மேலே உடம்பை இழை அளவு பின்னால் வைத்துக்கொண்டு, ஈரமணலில் மேல்பக்கமாகச் சாய்ந்து நடப்பார்களே, அப்படிச் சுற்றினாள். ஒரு சுற்று குறைவாகவே சுற்றினாள். இறங்கும்போது பாதம் சற்றுத் தடுமாறியது. ஆனால் நின்றாள். என் மடியில் மொச்சை இல்லை. இருந்திருந்தால் என் கையும் நின்றிருக்கும்.

ஆறரை என்று என் வாயில் வந்தது. அதைச் சொல்லாமல் "பாஸு" என்று சொன்னேன், சத்தமாகவே, சோபாவைப் பார்த்து. எனக்கே கேட்க விநோதமாக இருந்தது. கான்வென்ட்டுக் குரலில் அந்தச் சொல் சரியாக உட்காரவில்லை.

மாலையில் இறுதிச் சுற்றுக்குப் போகிறவர்களின் பெயர்களைப் படித்தார்கள். அவள் பெயர் இல்லை. அதுவும் சரியான தீர்ப்புதான், நான் நடுவராக இருந்தாலும் அதையே செய்திருப்பேன். மற்ற பிள்ளைகள் கட்டிப்பிடித்துக்கொண்டபோது அவள் ஓரமாக நின்று கை தட்டிக்கொண்டிருந்தாள். உங்கள் மகளுக்கு ஒரு வரி அனுப்பினேன், அந்தப் பிரேசில் பெண் வந்தாள் என்று. கொஞ்ச நேரம் கழித்துப் பதில் வந்தது: "அம்மா சொன்னாங்கல்ல அத்தை." சொன்னார்கள் என்று பதில் எழுதினேன். நான் சொன்னது என்ன என்று அவள் கேட்கவில்லை.

வாங்கிய கோடியைக் கடையில் திருப்பித் தரமுடியாது. வேறு யாரும் கட்டவும் முடியாது. உங்கள் பக்கத்தில் வருஷத் திதிக்குப் படையலில் புதுப்புடவை வைத்துக் கும்பிடுவீர்கள் என்று நீங்களே ஒருமுறை சொல்லியிருக்கிறீர்கள். அடுத்த தையில் நாள் எது என்று உங்கள் மகளைக் கேட்டுக்கொள்வேன்.

புடவையை மடிப்புக் கலையாமல் பீரோவில் வைத்துவிட்டேன். எடுத்துக்கொண்டு வருவேன். அந்தப் பெரியவர் மறுபடியும் கை கூப்பி வாசலில் நிறுத்தினால், நிற்பேன். அவர் சொல்வது முறைதான். அதற்கு அடுத்த வருடமும் எடுத்துக்கொண்டு வருவேன்.