மகாராணியின் தையல்

அன்புள்ள வீட்டுக்காரிக்கு,

வரிசை போட்டுக்கொள்ளாவிட்டால் உளறிவிடுவேன். ஆகவே:

1. நம் பூனை மகாராணியின் வயிற்றுத் தையல்.
2. என் மயக்கம்.
3. உன் தையல் ஆறும்வரை நீ உன் தங்கை வீட்டிலேயே இருப்பது நல்லது.

மகாராணிக்குக் கட்டியை எடுத்தாயிற்று. காயத்தைத் தினமும் துடைத்து மருந்து போடவேண்டும் என்றார்கள். முதல் நாள் கண்ணை மூடிக்கொண்டு போட்டேன். மருந்து முழுக்க என் செருப்பில் இருந்தது. மறுநாள் பூனையை மருத்துவரம்மாவிடமே தூக்கிக்கொண்டு போனேன்.

"பூனையே சும்மா படுத்திருக்கு, நீங்க ஏன் சார் கத்துறீங்க?"

"ரத்தம்னா எனக்கு ஆகாதும்மா."

"இதுல ரத்தம் எங்க இருக்கு? கண்ணைத் திறந்து பாருங்க."

பார்த்தேன். நீ தலையணை உறையைத் தைத்ததுபோல மெல்லிய சிவப்புக் கோடு, அவ்வளவுதான். மயக்கம் வரவில்லை. இப்போது நானே வெதுவெதுப்பான நீரில் பஞ்சை நனைத்து, துடைத்து, மருந்து போடுகிறேன். காயத்தை நக்காமலிருக்க என் பழைய பனியனை வெட்டி மாட்டியிருக்கிறேன். அதைப் போட்டுக்கொண்டு என் நாற்காலியில் உட்கார்ந்தால் அச்சு அசல் என் அண்ணன்!

உன் ஆபரேஷனுக்குப் பிறகு ஆஸ்பத்திரியில் நர்ஸ் கட்டைப் பிரித்தபோது நான் சரிந்து விழுந்தேனே, "எனக்குக் கட்டுப் போடுவீங்களா, உங்களை நான் தூக்கணுமா?" என்று சிரித்துக்கொண்டே தங்கையோடு வண்டி ஏறினாய். அந்த நினைப்பில்தான் மேலே வரிசை போட்டேன். இவ்வளவும் எழுதிய பிறகுதான் உறைக்கிறது. பஞ்சு நிறைய வாங்கி வைத்திருக்கிறேன். நீ சரி என்றால் சனிக்கிழமை வண்டியோடு வருகிறேன்.

மூன்றாவதாக எழுதியது தவறு.

விழாமல் நிற்கும்,
உன் வீட்டுக்காரன்